மறதிக்கு எப்படி உருவம் செய்யறது? – வாசகர் கேள்வி, சிற்பி பதில்

போன இதழ்ல அப்பாவோட பொட்டலங்களைப் பத்தி எழுதினதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. அதைப் படிக்காதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். எங்கப்பா கும்பகோணம் பக்கம் நாப்பது வருஷம் மளிகைக் கடை வச்சிருந்தவர். டிமென்ஷியாங்கற மறதி நோய் வந்தப்புறம் எங்க பேரெல்லாம் போச்சு, கடையை வித்ததும் மறந்துபோச்சு, ஆனா கையில என்ன காகிதம் சிக்கினாலும் பொட்டலம் மடிப்பாரு, கரண்ட் பில்லு, கல்யாணப் பத்திரிகை, ஒரு தடவை நான் கையெழுத்துப் போட்டு வச்சிருந்த செக்கு. மடிச்சு, இல்லாத சணலை உருட்டிச் சுத்தி, முடிச்சுப் போட்டு, பல்லால அறுத்துட்டு எதிர்ல இருக்கறவங்க கையில கொடுப்பாரு. உள்ள ஒண்ணும் இருக்காது. அதைத்தான் வெண்கலத்துல வார்த்துக் கண்காட்சி வச்சேன். வந்த கேள்விகள்ல சிலதுக்கு இங்க பதில்.

அக்கா, நான் சிற்பம் கடைசி வருஷம் படிக்கிறேன். பாட்டிக்கு மூணு வருஷமா மறதி நோய். அதைத்தான் ப்ராஜெக்டா எடுத்திருக்கேன். ஃபைபர்ல பாட்டி தலை, பின் மண்டையிலேருந்து ஜிக்சா துண்டுங்க உதிர்ந்து விழற மாதிரி. கைடு ஓகே சொல்லிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்க? – மாணவர், சென்னை

கைடு ஓகே சொன்னப்புறம் நான் குறுக்க வர்றது நல்லா இருக்காது, ஆனாலும் சொல்றேன் தம்பி, வேண்டாம். இந்த ஜிக்சா தலை, இலை உதிர்ற மரம் மாதிரி தலை, ரப்பரால பாதி அழிச்ச முகம், இதெல்லாம் ஆஸ்பத்திரி சுவத்துல போஸ்டரா பார்த்துப் பார்த்து சலிச்சாச்சு. அதுல உன் பாட்டி எங்க இருக்காங்க? யார் தலையை வச்சாலும் பொருந்தும், அதுதான் அதோட கோளாறே. நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல நூத்துல ஏழு பேருக்கு மேல டிமென்ஷியா இருக்கு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேருன்னு 2023-ல வந்த ஆய்வுல போட்டிருந்தாங்க, 88 லட்சம் பேருக்கும் ஒரே தலைதானா?

இன்னொண்ணு, ஞாபகம் அப்படி துண்டு துண்டா, சரிசமமா உதிர்றதும் இல்ல. அல்சைமர்ங்கற டிமென்ஷியா வகையில பொதுவா முதல்ல அடிவாங்கறது மூளையில ஹிப்போகேம்பஸ்னு ஒரு சின்ன இடமும் அதைச் சுத்தி இருக்கறதும், புதுசா நடக்கறதைப் பதிஞ்சு வைக்கற வேலை அதோடது. அதனாலதான் மத்தியானம் சாப்பிட்டது தெரியாது, ஆனா அம்பது வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டோட குழாயடில போட்ட சண்டை வார்த்தைக்கு வார்த்தை வரும். கை பழகின வேலை இருக்கு பாரு, அது மூளையில வேற வழியா சேருது, அதனால பேரெல்லாம் போனப்புறமும் ரொம்ப நாள் தங்கும். எங்கப்பா பொட்டலம் அந்தக் கணக்குதான். ஆக நீ போனதைச் செய்யப் பார்க்கற, நான் இருக்கறதைப் பாருன்னு சொல்றேன். ஒரு வாரம் ஊருக்குப் போ, பென்சில், போன் எதையும் எடுக்காத, பாட்டிக்கு எதிர்ல சும்மா உட்காரு, அவங்க கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாரு. முந்தானையை நீவறாங்களா, தரையில அரிசி பொறுக்கறாங்களா, இல்ல கட்டில் விளிம்பைத் தடவிக்கிட்டே எதையோ எண்ணறாங்களா. அங்கேருந்து ஆரம்பி. தலையை அப்புறம் பார்க்கலாம், தலையே இல்லாமலும் போகலாம்.

கண்காட்சியில உங்க வெண்கலப் பொட்டலங்களைப் பார்த்தேன். சிலதுல சின்னச் சின்ன ஓட்டைகள். "மறதியின் துளைகள்"னு என் பேஸ்புக்ல எழுதினேன், நிறைய பேர் லைக் போட்டாங்க. நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானே? – வாசகர், கோவை

மன்னிச்சுக்குங்க சார், அது சாம்பல்.

விளக்கமா சொல்றேன். நம்ம சுவாமிமலை பக்கம் செய்யற மெழுகு வார்ப்பு முறையில முதல்ல தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகுல உருவம் செய்வாங்க. அதுமேல காவிரி வண்டல் மண்ணை நைஸா ஒரு பூச்சு, அப்புறம் மணல் கலந்த மண்ணு கெட்டியா, மேல கம்பி கட்டிக் காய வச்சு, வறட்டி அடுக்கிச் சுடும்போது மெழுகு உருகி ஓட்டை வழியா வெளிய வந்துடும், உள்ள அந்த உருவத்தோட வெத்திடம் மட்டும் நிக்கும், அதுல உலோகத்தை ஊத்தறது. கடைசியில மண் அச்சை உடைச்சாத்தான் சிலை வெளிய வரும், அதனால ஒரு அச்சுக்கு ஒரே சிலை. நான் அதிமேதாவித்தனமா என்ன பண்ணேன், அப்பா மடிச்ச நிஜக் காகிதப் பொட்டலத்தையே மெழுகுல முக்கி எடுத்து மண்ணு பூசிட்டேன். மெழுகு உருகி ஓடிடும், காகிதம் உருகுமா? அது எரியணும், எரிய உள்ள காத்து போகணும், எரிஞ்சாலும் சாம்பல் அங்கயே கிடக்கும். சாம்பல் கிடந்த இடத்துல வெண்கலம் போகல. பட்டறையில இருந்த ஸ்தபதி முன்னாடியே சொன்னாரு, "காயிதம் வேணாம்மா, அடச்சுக்கும்"னு. கேட்கல. முதல் பதினோரு பொட்டலத்துல ஒம்போது பொத்தல்.

அதைத் தூக்கிப் போடாம ரெண்டு மட்டும் கண்காட்சியில வச்சேன், வச்சது என் தப்புதான், ஏன்னா வந்தவங்க எல்லாரும் நேரா அந்த ரெண்டுகிட்டதான் போனாங்க. ஓட்டைன்னாலே மறதின்னு நமக்கு ஒரு பழக்கம் ஆகிப்போச்சு.

ரெண்டாவது சுத்துல மெழுகையே மெல்லிசா தகடா தட்டி, குங்கிலியத்தைக் குறைச்சு எண்ணெயை ஏத்தி, வெதுவெதுன்னு இருக்கற தண்ணில போட்டு இளக்கி, துடைச்சு அப்பா கையிலயே கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாரு, மோந்து பார்த்தாரு, "எண்ணெய்த் தாளா, யாரு வாங்கிட்டு வந்தது இதை"ன்னு கேட்டுட்டு மடிக்க ஆரம்பிச்சுட்டாரு. நீங்க பார்த்த நல்ல பொட்டலங்கள் எல்லாம் அவர் மடிச்சது, நான் வார்த்ததோட சரி. கிட்ட போய்ப் பார்த்தா மடிப்போட நுனியில கட்டைவிரல் ரேகை இருக்கும்.

வெளிநாட்டுல யாராவது இதைச் செஞ்சிருக்காங்களா? பார்த்துக் கத்துக்கற மாதிரி ரெண்டு மூணு பேர் சொல்லுங்க. – ஓவிய ஆசிரியை, மதுரை

மறதி நோயைப் பத்தின்னே செஞ்சவங்களை விட, அதை நினைக்காமலே அதுக்குக் கிட்ட போனவங்கதான் எனக்கு உதவினாங்க டீச்சர். முதல்ல மெடார்டோ ரோஸ்ஸோ, இத்தாலிக்காரர், 1858-ல பிறந்து 1928-ல போனவர். மத்தவங்க வெண்கலத்துக்குப் போற வழியில வேண்டாம்னு உருக்கி விடற மெழுகை இவர் பிளாஸ்டர் மேல பூசி, அதையே முடிஞ்ச சிலையா நிறுத்தினாரு. 1906-ல ஒரு சின்னப் பையன் முகம் செஞ்சாரு, திரைச்சீலைக்குப் பின்னாடி எட்டிப் பார்த்த பையனை ஒரு கணம் பார்த்ததுலேருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. கண்ணு, மூக்கு எதுவும் தனியா பிரிஞ்சு வராது, மெல்லிசு துணி போர்த்தின மாதிரி, பார்க்கும்போது முகம் கூடி வரும், கொஞ்சம் தள்ளி நின்னா நழுவிடும். இதுல கவனிக்க வேண்டியது, அடையாளம் தெரியாம தவிக்கறது அந்தப் பையன் இல்ல, பார்க்கற நாமதான். எங்கப்பா என்னைப் பார்த்து "நீங்க யாரு, பெருமாண்டித் தெருவா"ன்னு கேட்டப்போ அவருக்கு என் முகம் எப்படித் தெரிஞ்சிருக்கும்னு அந்த மெழுகு முகத்தைப் பார்த்துதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டுச்சு. அந்த முகத்துக்கப்புறம் ரோஸ்ஸோ புதுசா எதுவும் பெருசா செய்யல, சாகற வரைக்கும் இருவத்திரண்டு வருஷம் பழைய சிலைகளையே திரும்பத் திரும்ப வார்த்துக்கிட்டிருந்தாரு. அதே 1906 நவம்பர்லதான் ஜெர்மனியில டியூபிங்கன்ல ஒரு டாக்டர் தன் நோயாளியோட மூளையில பார்த்த விசித்திரத்தைப் பத்திப் பேசினாரு, அவர் பேரு அலாய்ஸ் அல்சைமர். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஒரே வருஷம், அவ்ளோதான், ஆனா எனக்கு மறக்க மாட்டேங்குது.

அடுத்து ரேச்சல் ஒயிட்ரீட், இங்கிலாந்துச் சிற்பி. கிழக்கு லண்டன்ல இடிக்கப் போற ஒரு வீட்டுக்குள்ள காங்கிரீட்டைப் பீச்சி அடிச்சு, இறுகினதும் வெளிச்சுவரை எடுத்துட்டாங்க, ஆக வீடு போயி வீட்டுக்குள்ள இருந்த காத்து கல்லா நின்னுச்சு. 1993 அக்டோபர்ல முடிச்சாங்க, 1994 ஜனவரில இடிச்சுட்டாங்க, மூணு மாசம்கூட நிக்க விடல. டிமென்ஷியா இருக்கறவங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும், சாயங்காலம் ஆனா போதும், சொந்த வீட்டுக் கூடத்துல உட்கார்ந்துக்கிட்டே "நேரமாச்சு, வீட்டுக்குப் போலாம் வா"ன்னு கிளம்பிடுவாங்க. அப்பா அப்படி செருப்பைத் தேடும்போதெல்லாம் அந்தக் காங்கிரீட் வீடுதான் ஞாபகம் வரும், அவருக்கு வீடு தெரியுது, உள்ள நுழையத்தான் வாசல் இல்ல.

டி கூனிங் பத்தியும் சொல்லணும், பெரிய ஓவியர், 1969-ல ரோம்ல இருந்தப்போ களிமண்ணைப் பிசைஞ்சு சின்னச் சின்ன உருவம் செஞ்சு வெண்கலமாக்கினவர். எண்பதுகள்ல அவருக்கே டிமென்ஷியா வந்துச்சு, ஆனாலும் அந்தப் பத்து வருஷத்துல முந்நூறுக்கு மேல படம் வரைஞ்சாரு, அதெல்லாம் கலைதானா இல்லையான்னு விமர்சகர்கள் அடிச்சுக்கிட்டாங்க. நான் அந்தச் சண்டைக்குள்ள போகல, கை வேலையைக் கை பார்த்துக்கிச்சுன்னுதான் தோணுது.

உருகற மெழுகுல செய்யலாமா, இல்ல தண்ணில கரையற மண்ணுலயா? எது மறதிக்குச் சரியா வரும்? – வாசகி, புதுச்சேரி

உருகறது பார்க்க நல்லாத்தான் இருக்கும், நிறைய பேர் செஞ்சும் இருக்காங்க, பிரேசில்காரங்க நெலே அஸெவேடோ 2009-ல பெர்லின்ல ஆயிரம் பனிக்கட்டி பொம்மைகளைப் படிக்கட்டுல உட்கார வச்சாங்க, வெயில்ல அரை மணிக்குள்ளயே உருக ஆரம்பிச்சுடுச்சு. ஆனா அது சாவுக்குச் சரி, மறதிக்கு எனக்கு ஒட்டல. மறதி ஒரே போக்கா கீழ இறங்கறது இல்லையே, காலைல மகளைத் தெரியாது, சாயங்காலம் திடீர்னு "உனக்கு இன்னும் தலைவலி விடலையா"ன்னு கேட்பாங்க. தேன்மெழுகு உருக 62, 64 டிகிரி வேணும், அதனால அறைச் சூட்டுல சும்மா நிக்கும், சாதா பாரஃபின்னா மே மாசம் கார்ல வச்சு எடுத்துட்டுப் போனாலே தலை சாஞ்சுடும், கண்காட்சிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள உங்க கருத்து முடிஞ்சுபோயிடும்.

மண்ணுன்னா ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க, சுடாத மண்ணு நல்லா எலும்பாக் காஞ்சிருந்தாத்தான் தண்ணில போட்டதும் பொலபொலன்னு உதிரும், அரை ஈரமா இருந்தா கரையாம வழவழன்னு உட்கார்ந்துக்கும். சுமார் 600 டிகிரி தாண்டிச் சுட்டுட்டா உள்ள இருக்கற நீர்ச்சேர்க்கையே போயிடும், அப்புறம் எத்தனை வருஷம் ஊற வச்சாலும் சேறாகாது. பிள்ளையாரைக் கிணத்துல கரைக்கறோம், அய்யனார் குதிரையைக் கரைக்க முடியாது, அது வெயில்லயும் மழையிலயும் மூக்கு போயி காலு போயி நிக்கும், வேளார் அடுத்த கொடைக்குப் புதுசு செஞ்சு பக்கத்துலயே வைப்பாங்க, பழசை யாரும் அப்புறப்படுத்த மாட்டாங்க. உடைஞ்சதும் முழுசும் ஒரே வரிசையில நிக்கற அந்தக் காட்சி இருக்கு பாருங்க, உருகற மெழுகை விட மறதிக்கு அதுதான் கிட்ட.

நான் இப்ப முயற்சி பண்றது வேற ஒண்ணு, சொல்றேன், எடுத்துக்குங்க. ஒரு மண் தலை செஞ்சு சுடறது. அதுமேல அச்செடுத்து அந்த அச்சுல மண்ணை அழுத்தித் திரும்ப ஒரு தலை, அதையும் சுட்டு அதுமேல அச்சு. மண்ணு காஞ்சு சுட்டு வரும்போது ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு சுருங்கும், மண்ணுக்கு மண்ணு மாறும். அப்படி ஆறு தடவை போனா ஒரு அடித் தலை ஆறரை அங்குலத்துக்குக் கிட்ட வந்து நிக்கும், ஒவ்வொரு தடவையும் கண்ணிமை, உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமா மழுங்கும். ஞாபகத்தை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் மூளை அதைத் திரும்பக் கட்டித்தான் வைக்குதுன்னு சொல்றாங்க இல்லையா, அதுமாதிரி, நகலோட நகல். நாலாவது தலை வரைக்கும் வந்திருக்கேன், ஆச்சரியம் என்னன்னா மூணாவதுல அம்மா ஜாடை வந்துச்சு, முதல்ல செஞ்சது அப்பாவை.

அம்மாவுக்கு 78 வயசு, அல்சைமர். அவங்க கையை அப்படியே பிளாஸ்டர்ல அச்செடுத்து வச்சுக்கணும்னு ஆசை. முகமும் எடுக்கலாமா? களிமண் கொடுத்தா மனசுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே? – பெயர் வேண்டாம், திருச்சி

அம்மா, முதல்ல ஒண்ணு, கையை பிளாஸ்டருக்குள்ள விடவே விடாதீங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும், கெட்டியா இருந்தா கொப்புளம் போட்டுக் கருகற அளவுக்கு. இங்கிலாந்துல 2007-ல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு வகுப்புல கையை விட்டு விரல்களையே இழந்துடுச்சு. உங்கம்மாவுக்குச் சுடுதுன்னு சொல்லக்கூடத் தெரியாம போகலாம். பல் டாக்டருங்க பல்லு அச்செடுக்கற ஆல்ஜினேட் பவுடர் இருக்கு, வெதுவெதுன்னு தண்ணில கலந்து கையை வச்சா சில நிமிஷத்துல ஜெல்லி மாதிரி இறுகிடும், சுடாது, கையை அசைச்சாலே வெளிய வந்துடும், கை வந்தப்புறம் அந்தக் குழிக்குள்ள பிளாஸ்டரை ஊத்துங்க. தண்ணி சூடா இருந்தா சீக்கிரம் இறுகும், குளிர்ந்தா லேட்டாகும். பக்கத்துல அவங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போடுங்க, நீங்க உங்க கையை முதல்ல விட்டுக் காட்டுங்க. முகத்தைச் சுளிச்சாங்கன்னா, கையை இழுத்தாங்கன்னா, அத்தோட விட்டுடணும், இன்னொரு நாள் பார்க்கலாம், இல்ல பார்க்காமலே போகலாம். முகம் வேண்டாம். கண்ணை மூடி மூஞ்சி மேல ஈரமா ஒண்ணு அப்பறது எதுக்குன்னு அவங்களுக்குப் புரிய வைக்க முடியாது, புரியாதவங்ககிட்ட அதைச் செய்யறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

களிமண் நல்லதான்னா, நோய் குறையாது, ஆனா அந்த அரை மணி நேரம் நல்லா போகும். சிலர் வாயில போட்டுக்குவாங்க, அதனால சப்பாத்தி மாவையே கொடுங்க, அதுவும் கை அறிஞ்ச பொருள். "இது என்னன்னு சொல்லு பார்ப்போம்"னு பரீட்சை மட்டும் வைக்காதீங்க. நியூயார்க்ல மோமா மியூசியத்துல 2006 வாக்குலயே இந்த மாதிரி நோய் இருக்கறவங்களையும் அவங்களைப் பார்த்துக்கறவங்களையும் ஒண்ணா கூட்டிட்டுப் போயி கலைப்பொருள் முன்னாடி உட்கார வச்சுப் பேச ஆரம்பிச்சாங்க, அங்கயும் யாரும் சரியான பதில் கேட்கறதில்ல. அப்புறம் நீங்க தனியா பார்த்துக்கறீங்கன்னு கடிதத்துலயே தெரியுது, மத்திய அரசோட முதியோர் உதவி எண் 14567, எழுதி வச்சுக்குங்க.

அப்பாவோட நோயை வச்சுப் பேர் வாங்கறது உங்களுக்கு உறுத்தலையா? – வாசகர், ஈரோடு

உறுத்துது. அவர் போட்டோ, பேரு எதையும் கண்காட்சியில வைக்கல, வீடியோ எடுக்கறோம்னு வந்தவங்களை வீட்டுக்குள்ள விடல, மூணு பொட்டலம் வித்த காசு, அவரைப் பார்த்துக்க வேலைக்கு வர்ற ஒரு அம்மாவோட சம்பளத்துக்குப் போச்சு. இதெல்லாம் சொன்னாலும் கேள்வி அப்படியேதான் இருக்கு. மெழுகைக் கையில கொடுத்தப்போ அவர் கடையில வேலை பார்த்தாரு, எனக்குச் சிலை செஞ்சு கொடுக்கறோம்னு அவருக்குத் தெரியாது.

வெண்கலப் பொட்டலத்தை அப்பா பார்த்தாரா? என்ன சொன்னாரு? – பள்ளி மாணவி, நாகப்பட்டினம்

பார்த்தாரு கண்ணு. பட்டறையிலேருந்து வந்த அன்னைக்கே ஒண்ணை அவர் கையில வச்சேன். அழுவாரு, இல்ல ஞாபகம் வந்து ஏதாவது சொல்லுவாருன்னு நான்தான் நெஞ்சு படபடக்க நின்னேன். பிரிக்கப் பார்த்தாரு, பிரியல. நகத்தால நோண்டினாரு. அப்புறம் உள்ளங்கையில வச்சு மேலயும் கீழயும் ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "முந்நூறு கிராம் இருக்கும், யாருக்கு?"ன்னாரு. அம்மாவுக்குன்னு சொன்னேன். "கணக்குல எழுதிக்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு.

ராத்திரி சமையல்கட்டுத் தராசுல வச்சுப் பார்த்தேன், 310 இருந்துச்சு.